ஈரெட்டுப் பதினாறும் என் நெஞ்சும்

கொரோனா காலத்தில் எங்கள் ஊரில் அதிகம் பேசப்பட்ட பொருள் என் நெஞ்சுதான். மீன் விலைகூட அதற்கு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. கடற்கரையில் வலை பின்னுகிறவர்கள், கடை வாசலில் சீனிக்கு நிற்கிறவர்கள், தடுப்பூசி வரிசையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றவர்கள், எல்லாருக்கும் என் நெஞ்சைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. நெஞ்சின் சொந்தக்காரனை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

முள்ளிக்குளத்துக்கு வடக்கே, காடு முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நான் சாஹுல் ஹமீட். மன்னாரிலிருந்து சிலாவத்துறைப் பக்கம் ஓடுகிற அரசாங்க சீ.ரீ.பி. பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் வீட்டுக்கு வந்த கையோடு நாடு முழுக்க பஸ்கள் நின்றுபோயின. நானில்லாமல் ஓட அதுகளுக்கு மனம் வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். காலையில் எழும்பி, இன்றைக்கு எங்கேயும் போகத் தேவையில்லை என்று நினைத்து மறுபடி படுப்பதில் இருக்கிற இன்பத்தை, சொர்க்கத்தில் இருந்து யாராவது வந்து கேட்டால் நான் படிப்பித்து விடுவேன்.

நெஞ்சு விஷயம் இதுதான். சின்ன வயதிலிருந்தே எனக்கு முட்டு வருத்தம். டொக்டர்மார் ஆஸ்துமா என்பார்கள். அதன் மேல் பஸ் புழுதி, டீசல் புகை, மிதிபலகையில் தொங்கிக்கொண்டு குடித்த கடல் காற்று. மன்னார் ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர், ஐயா நீங்கள் எதால மூச்சு விடுறியள் என்று கேட்டார். பழக்கத்தால் என்று சொன்னேன். அந்த மனிசன் சிரிக்கவில்லை. கொரோனா வந்தால் உங்களுக்குத் தாங்காது என்று எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார். அந்தப் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டவள் என் மகள் றிம்ஷா.

றிம்ஷா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு ஆசிரியை. இரண்டு வகுப்பும் ஒரே அறையில். நடுவில் ஓர் அலுமாரிதான் மதில். அவளுடைய கணவன் கட்டாரில் இருப்பதால் அவள் எங்களோடுதான் இருக்கிறாள். ஆகவே அவள் வெளியில் இருந்து எதைக் கொண்டுவந்தாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளிக்கூடங்கள் இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ மூடப்பட்டபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த கிழமையே அது பிள்ளைகளைப் பற்றிய கவலையாக மாறிவிட்டது.

அந்த வகுப்பறையை நீங்கள் பார்க்க வேண்டும். இடுப்பளவு சுவர், அதற்கு மேலே கம்பி வலை, அவ்வளவுதான். சோளகக் காற்று வீசுகிற காலத்தில் கரும்பலகையில் எழுதிய எழுத்தே பறந்து மடு றோட்டில் போய் விழும். அந்த அறைக்குள் ஒரு கிருமி நுழைந்தால் அடுத்த நொடி வவுனியாவில்தான் நிற்கும். ஆனால் றிம்ஷாவின் பயம் காற்றைப் பற்றியதல்ல. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ரீச்சரைக் கண்டால் ஓடிவந்து சட்டையில் மூக்கைத் துடைக்கும். தள்ளி நில் என்று அதுக்குச் சொல்வது அலையைத் தள்ளி நிற்கச் சொல்வது மாதிரி.

போன் வழியாகப் படிப்பிக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரில் சிக்னல் என்பது தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, அதுவும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால்தான் கிடைக்கும். அதைவிட, வீட்டுக்கு ஒரு போன்; அது வாப்பாமாரோடு கடலுக்குப் போய்விடும். கடலில் சிக்னல் நல்ல தெளிவு. பக்கத்துத் தெரு நிஸ்லாவின் மகள் ஸீனத் இரண்டாம் வகுப்பு. 'அம்மா' என்று எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கோ என்று றிம்ஷா அவளுக்கு அனுப்பியது, நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்த தகப்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. மனிசன் பண்பானவர், ரீச்சரைக் காக்கவைக்காமல் தானே எழுதி அனுப்பினார். எழுத்து மோசமில்லை.

றிம்ஷா போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு அழுதாள். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பொன்னான யோசனை வந்தது.

எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சாதாரணப்பட்டதல்ல. அதில் பாங்கு சொன்னால் ஆழ்கடலில் இருக்கிற வள்ளக்காரன் தொப்பியைத் தேடுவான். அதில் பாடம் சொன்னால் என்ன? ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காது இருக்கிறது, காதுக்கு சிக்னல் தேவையில்லை. நிர்வாகத்தில் பேசினேன். ஓம் என்றார்கள். ஆனால் பள்ளிவாசல் மைக்கில் பெண் குரல் வருவது சரிவராது, பாடத்தை ரீச்சர் எழுதித் தரட்டும், முஅத்தின் வாசிப்பார் என்று முடிவாயிற்று. படிப்பிக்கிற குரலிலும் ஆண் பெண் இருக்குதா வாப்பா என்று றிம்ஷா என்னைக் கேட்டாள். கேட்டுவிட்டு எழுதித் தந்தாள். ஒன்றும் இல்லாததற்கு இது என்ற கணக்கு அவளுக்கு.

முஅத்தின் என்றால் பாங்கு சொல்கிறவர். எங்கள் முஅத்தின் முனவ்வர். என்னை விட இளையவன், என்னை நானா என்று கூப்பிடுவான். குரல் என்றால் குரல். ஆனால் பாங்கை விட்டால் மைக்கில் அவன் சொல்லிப் பழகியது ஒன்றே ஒன்றுதான்: மரண அறிவித்தல். அதற்கு முன்னால் விரலால் மைக்கை மூன்று தரம் தட்டுவான். பாங்குக்குத் தட்டு இல்லை, மௌத்துக்கு மட்டும்தான். டொக், டொக், டொக். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் அம்மியில் கை நிற்கும், பிள்ளையின் வாயில் சோறு நிற்கும். யார் என்ற ஒரே கேள்வியோடு ஊர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாள் பாடத்துக்கு அவன் தட்டினான். பழக்கம். நான் கையைப் பிடிக்குமுன் மூன்றும் விழுந்துவிட்டது. பிறகு தொண்டையைச் செருமி, அதே இழுவையில், அதே துக்கத்தில், சொல்லுக்குச் சொல் நிறுத்தி ஆரம்பித்தான். "ஓரிரண்டு... இரண்டு. ஈரிரண்டு... நான்கு." அவன் ஈரெட்டுப் பதினாறுக்கு வருகிறபோது கடற்கரையில் இரண்டு வள்ளம் திரும்பி வந்துவிட்டது. நிஸ்லா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாருடைய வீடு என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்று அழுதாளாம். பாடத்தை முடிக்கிற இடத்தில் முனவ்வர் கொஞ்சம் தடுமாறினான். என்னுடைய மகள் முடிவுக்கு ஒன்றும் எழுதவில்லை. மைக்கில் ஒன்றை ஆரம்பித்தால் ஒரு முடிவு வேண்டுமே. அவனுக்குத் தெரிந்த முடிவை வைத்தான்.

"ஈர்பத்து... இருபது... என்பதை மிகுந்த கவலையோடு அறியத் தருகின்றோம்."

நான் சிரித்த சிரிப்பில் முட்டு வந்து, மூச்சு மருந்துப் பம்பை இரண்டு தரம் இழுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அதுவே வழமையாகிவிட்டது. தட்டாதே என்றால் கை கேட்காது. அறியத் தராதே என்றால் வாய் கேட்காது. எழுத்து, கணக்கு, கிழமை நாட்கள், எல்லாவற்றையும் மிகுந்த கவலையோடு அறியத் தந்தான். ஊர் பழகிவிட்டது. காலையில் மூன்று தட்டு விழுந்தால், பாடம் என்று தெரிகிற வரைக்கும் நெஞ்சு ஒரு தரம் நிற்கும், பிறகு ஓடும். என் நெஞ்சுக்கு மட்டும் இருந்த வருத்தத்தை நான் ஊருக்கே பங்கிட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் முற்றத்தில் சுற்றியிருந்து கூடவே சொன்னார்கள். அதுகள் மட்டுமல்ல, கருவாடு காயப்போடுகிற பெண்கள், பெட்டி சுமக்கிறவர்கள், கடற்படைச் சாவடியில் நிற்கிற சிங்களப் பொடியன் வரைக்கும் இரண்டாம் வாய்பாடு மனப்பாடம். கொழும்பிலிருந்து மந்திரி ஒருவர் வந்து என் கையைக் குலுக்கப் போகிறார் என்று நான் வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

மைக் இருந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு பாய் அடுக்கிய களஞ்சிய அறை. ஒரு யன்னல் இருந்தது. சத்தம் எதிரொலிக்கிறது என்று அதை ஒரு பழைய மெத்தையால் அடைத்திருந்தார்கள். கதவையும் சாத்தினால்தான் குரல் நல்லாக வரும். முனவ்வருக்குக் கண் மங்கல் என்பதால் கடதாசியை நான் பிடித்துக்கொண்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று அவன் காதுக்குள் சொல்ல வேண்டும். முகக்கவசத்துக்குள்ளால் தமிழ் சரியாக வராது என்று இரண்டு பேரும் அதைக் கழற்றி வைத்துவிடுவோம். அந்த அறை வாசலில் நிற்கிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். வாசலில்தான் நின்றேன், உள்பக்க வாசலில்.

இப்படி இருக்கும்போதுதான் சிறிய பள்ளிக்கூடங்களை முதலில் திறக்கலாம் என்று மேலிடம் சொன்னது. ஆசிரியர் சங்கம் போக வேண்டாம் என்றது. பிறகு விரும்பினால் போகலாம் என்றது. மேலிடம் விரும்பாவிட்டாலும் போகலாம் என்றது. றிம்ஷாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பள்ளிக்கூட அதிபர் வேறூர்க்காரர், நல்ல மனிசன். மற்ற ஆசிரியர்மார் எல்லாரும் பஸ்ஸில் வருகிறவர்கள், பஸ் ஒழுங்காக இல்லை. ஊரிலேயே இருக்கிற ஒரே ஆசிரியை றிம்ஷாதான். நீங்க வந்தால்தான் சின்ன வகுப்பு நடக்கும் என்று அதிபர் வாசலில் நின்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம். கூட்டம் கூடுவது ஆபத்து என்பதைப் பற்றிப் பேசுவதற்கு ஊர் முழுக்கக் கூடியிருந்தது. என்னுடைய பஸ்ஸில்கூட அத்தனை நெருக்கம் இருந்ததில்லை. அதில் நான் ஒருதரம் ஒரு கலியாண வீட்டையும் இரண்டு ஆட்டையும் மாப்பிள்ளையையும் ஒரே சீற்றில் ஏற்றியவன். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு சண்டை பிடித்தார்கள். ஒவ்வொருவரும் கடைசியில் வந்து நின்ற இடம் என் நெஞ்சு. ஹமீட் நானாவின் நெஞ்சை நினைக்க வேண்டாமா என்றார் ஒருவர். நினைத்து நினைத்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போச்சுது என்றார் இன்னொருவர். நான் எழும்பி, என் நெஞ்சு இந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல என்று பேசத் தொடங்கினேன். இருமல் வந்துவிட்டது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் அலை மாதிரி விலகினார்கள். அன்றைக்கு முதல் தடவையாகச் சமூக இடைவெளி கிடைத்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து நிஸ்லா மட்டும் நெஞ்சைப் பற்றிப் பேசவில்லை.

"ரீச்சர் வந்தா நான் நாளைக்கே அனுப்புவன்," என்றாள். "என்ட பிள்ளை நாள் முழுக்க மைக்கில வந்தத பாடிக்கொண்டு திரியிறா. ஒரு எழுத்தைக் காட்டிக் கேட்டா, உம்மா அது பாட்டில இல்ல எண்டுறா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். றிம்ஷா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு அதில் இருந்தாள்.

"வாப்பா, நான் கொண்டுவந்து உங்களுக்குத் தந்தா?"

"தந்தா வாங்கிக்கொள்ளுறன். மகள் தாறதை வேண்டாமெண்டு சொல்லுறதா?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி. எங்கட ஊர் மையவாடிக்குக்கூட உங்களைக் கொண்டுபோக ஏலாது, தெரியுமா. ஓட்டமாவடிக்குப் போகவேணும், நான் றோட்டில நிண்டு பார்க்கவேணும்."

கொரோனாவில் மௌத்தானவர்களை அந்தக் காலத்தில் சொந்த ஊரில் அடக்க விடவில்லை. அதற்கு முன் எரித்தார்கள், பிறகு எங்கேயோ கிழக்கே ஓட்டமாவடியில் அடக்கினார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அதற்குப் பயந்தே அவர் முதலில் மறைப்பது காய்ச்சலைத்தான்.

"போகாம இருந்தா?" என்று கேட்டேன்.

"போகாம இருந்தா அந்தப் பிள்ளையளுக்கு இந்த வருசமும் இல்ல. எழுத்துப் பிடிக்கிற வயசு வாப்பா. போனாத் திரும்பி வராது. ரெண்டு பக்கமும் என்ட கையாலதான் நடக்கப்போகுது, அதுதான் எனக்கு விசர் வருது."

உன்ட வாப்பாட நெஞ்சை நான் பார்க்கிறன், நீ பிள்ளையளப் பார் என்றேன். என் மனைவி நூர்ஜஹான் குசினிக்குள் இருந்து, இவர் தன்ட செருப்பையே பார்க்கமாட்டார் என்றாள். நான் கடற்கரையில் ஒரு மீன் வாடியில் போய் ஒரு மாதம் இருக்கிறேன் என்று சொன்னேன். நூர்ஜஹான் அதற்கும் விடவில்லை. இவர் போய் இருந்தால் அந்த வாடி பஸ் ஸ்ராண்டாகிவிடும், ஊரே வந்து கதை கேட்கும் என்றாள். உண்மைதான். கடைசியில், எனக்குப் பின்பக்க அறை, தனி வாசல், தனிக் கோப்பை. றிம்ஷா பள்ளிக்கூடத்தால் வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே. என்னோடு பேசுவது யன்னலால் மட்டும். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு அவள் போவதாக முடிவாயிற்று. அவள் வெள்ளைச் சாரியைத் தோய்த்துக் கொடியில் போட்டதை நான் என் யன்னலால் பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

பின்பக்க அறைக்குத் தனி வாசல் இருந்ததில் ஒரு வசதி, நான் போவது வருவது ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் மைக் பாடம் நிற்கக் கூடாது அல்லவா? ஞாயிற்றுக்கிழமை போனேன். முனவ்வர் ஈராறு பன்னிரண்டில் இருமினான். ஊர் முழுக்க அந்த இருமல் ஒலிபரப்பாயிற்று.

என்னடா என்று கேட்டேன். தடிமன் நானா, வெயிலால வந்தது, கொத்தமல்லி குடிச்சா சரி என்றான். முகம் வெளிறி, கழுத்தில் துவாய் சுற்றியிருந்தான். காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்தேன், அந்த மெத்தை அடைத்த அறைக்குள்ளே. கையைத் தட்டிவிட்டான்.

"பி.எச்.ஐ. மாத்தையாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ நானா. மையவாடியில என்ட உம்மாவுக்குப் பக்கத்தில எனக்கு இடம் இருக்கு. நான் இஞ்சதான் கிடப்பன்."

நான் சொல்லவில்லை. அவன் மிச்சப் பாடத்தையும் வாசித்து முடித்தான். இருபதை அறியத் தருகிறபோது குரல் உடைந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கும் காய்ச்சல். புதன்கிழமை காலையில் பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் வந்து, மூக்குக்குள் குச்சியை விட்டு, மூளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்தார். முடிவு பதினைந்து நிமிடத்தில். முற்றத்தில் எங்கள் எல்லாரையும் தள்ளித் தள்ளி நிற்க வைத்திருந்தார். எங்கே போனீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று கேட்டார். நான் பள்ளிவாசல் மைக் அறை என்றேன்.

"வாசல்லதானே நிண்டனீங்க?" றிம்ஷா கேட்டாள்.

உள்பக்க வாசல் என்றேன்.

"உள்ளுக்கா?"

தலையாட்டினேன். அவள் அப்படியே மணலில் குந்திவிட்டாள். என்னைப் பார்க்காமல், கொடியில் காய்கிற வெள்ளைச் சாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"யன்னல் இல்லாத அறைக்குள்ள நீங்க ரெண்டு பேரும் வாயோட வாய் வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள். யன்னல் மட்டுமே இருக்கிற வகுப்பை நான் உங்களுக்காகப் பூட்டி வைச்சிருந்தன்."

அம்புலன்ஸில் ஏறும்போது, முன்னுக்குப் போங்கோ முன்னுக்குப் போங்கோ, இடம் இருக்கு என்று சாரதிக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் மூச்சு போதவில்லை.

வியாழக்கிழமை நடந்ததை நூர்ஜஹான் போனில் சொன்னாள். வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மகளும் தாயும் வெளியே போக முடியாது. காலையில் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வந்தன. சட்டை எல்லாம் கட்டையாகிப்போய், போன வருசத்துச் சப்பாத்தின் குதிக்கால் வெட்டி. ரீச்சரோடு சேர்ந்து போவதற்கு எங்கள் படலைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றன. அதுகளுக்கு நோட்டீஸ் வாசிக்கத் தெரியாது. றிம்ஷா உள்ளே நின்றுகொண்டு போங்கோ, பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ என்று கையைக் காட்டியிருக்கிறாள். அதுகளும் பதிலுக்குக் கையைக் காட்டியிருக்கின்றன. அதிபர் தனி ஆளாக எல்லா வகுப்பையும் ஒரு மரத்தடியில் வைத்துப் பார்த்துவிட்டு, சின்னவர்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரீச்சர் வருகிற நாளில் வாங்கோ என்றாராம்.

ஆஸ்பத்திரியைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லவில்லை. ஊரில் கேட்டால் ஒக்சிஜன் சிலிண்டர் முழுவதையும் ஒரே இழுவையில் குடித்து முடித்தேன், மன்னாருக்கு வேறு சிலிண்டர் கப்பலில் வந்தது என்று சொல்வேன். ஊருக்கு அது போதும். பக்கத்துக் கட்டிலில் முனவ்வர் கிடந்தான். கவசத்துக்குள்ளால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். ஓதுகிறான் என்று நினைத்தேன். ஒருநாள் இரவுத் தாதி வந்து, ஐயா இவர் ஏன் ஈரெட்டுப் பதினாறு எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று என்னைக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூச்சு இன்னும் போய்விடும் என்று அதையும் நிறுத்த வேண்டியிருந்தது.

இரண்டு பேரும் திரும்பி வந்தோம். நான் பாதி நெஞ்சோடு, முனவ்வர் குரல் இல்லாமல். அவன் பேசினால் இப்போது சுளகில் அரிசி புடைக்கிற சத்தம்தான் வரும். பாங்குக்கு வேறு ஆள் பிடித்திருந்தார்கள். மைக் அறை மெத்தையைக் கழற்றி, யன்னலைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை றிம்ஷா பள்ளிக்கூடம் போனாள். இந்த முறை கூட்டமும் இல்லை, என் நெஞ்சைப் பற்றிய விவாதமும் இல்லை. வந்து தின்றுவிட்டுப் போன வருத்தத்துக்குப் பயந்து என்ன செய்வது? அவள் பின்னேரம் கிணற்றடியில் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு என் யன்னலடிக்கு வந்தாள். நான் காலையிலிருந்து அதற்குத்தான் காத்திருந்தேன். ஊர் முழுக்கப் பிள்ளைகள் வாய்பாடு சொல்கிறார்கள் என்றால் அதில் என் பங்கு என்ன என்று அவள் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

"எப்பிடி மகள், பிள்ளையளுக்கு எல்லாம் பாடம்தானே?"

"பாடம்தான்," என்றாள். "இரண்டாம் வாய்பாடு சொல்லுங்கோ எண்டன். எல்லாரும் எழும்பி நிண்டுதுகள். மேசையில மூண்டு தரம் தட்டிச்சுதுகள். பெண் பிள்ளையள் தலைய மூடிச்சுதுகள். அப்பிடியே முனவ்வர் மாமாட இழுவை, அவர் செருமுற செருமல்கூட. கடைசியில எல்லாரும் சேர்ந்து மிகுந்த கவலையோட அறியத் தந்திச்சுதுகள். ஒரு வகுப்பே நிண்டு இரண்டாம் வாய்பாட்டை அடக்கம் செய்யுது வாப்பா."

எனக்கு வயிறு குலுங்கியது. சிரிக்க நெஞ்சு விடவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நானும் முதல் சிரிச்சன்தான். பிறகு 'அம்மா' எண்டு பலகையில எழுதினன். ஸீனத்தை எழுப்பி வாசிக்கச் சொன்னன். அவ கன நேரம் பார்த்துப்போட்டு, ஞாயிறு திங்கள் செவ்வாய் எண்டு முழுக்கச் சொன்னா. சரியாச் சொன்னா. நான் முதல் எழுத்தைத் தொட்டு இது என்ன எண்டு கேட்டன். அவ அழத் தொடங்கிட்டா. ஒரு பிள்ளைக்கும் தெரியாது வாப்பா. ஒருத்தருக்கும். பென்சிலை உளி மாதிரிப் பிடிக்கிதுகள். ரெண்டாம் வகுப்புக்கு 'அ' தெரியாது."

"அது... மைக்கில எழுத்துத் தெரியாதுதானே," என்றேன். சொன்ன பிறகுதான் என் சொல் எனக்கே கேட்டது.

"ஓம். மைக்கில எழுத்துத் தெரியாது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் எழுதித் தந்தன். படிப்பிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு படுக்கலாம் எண்டுதான்." ஈரத் தலையைத் துவாயால் இறுக்கிக் கட்டினாள். "உங்களுக்கு வரக்கூடாது எண்டு வீட்டில இருந்தன். உங்களுக்கும் வந்திட்டுது, அதுகளுக்கும் போயிட்டுது. நான் எதைக் காப்பாத்தினன் எண்டு சொல்லுங்கோ."

அவளுக்குச் சொல்ல எனக்கு ஆயிரம் கதை தெரியும். சிலாவத்துறையில் பஸ் கவிழாமல் இருந்தது, கடற்படைக்காரனுக்குத் தமிழ் படிப்பித்தது, எதையாவது பெருக்கிச் சொல்லியிருக்கலாம். பெருக்குவதற்கு ஒரு தொகை வேண்டும் அல்லவா? நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சாரியைத் தோய்க்கப் போய்விட்டாள்.

அடுத்த நாளிலிருந்து காலையில் நான் முன்வாசலில் கதிரையைப் போட்டு இருக்கிறேன். அந்த நேரத்துக்கு ஊர் இன்னும் பழக்கத்தில் ஒருதரம் கையை நிறுத்தி மூன்று தட்டுக்குக் காத்திருக்கிறது, வருவதில்லை. முனவ்வர் கழுத்தில் துவாயோடு வந்து, கொஞ்சம் தள்ளி இன்னொரு கதிரையில் இருப்பான். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். ஆனால் சோளகம் நின்று வாடை தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் சத்தம் முழுவதையும் காற்று எங்களிடமிருந்து பிடுங்கிக் கடலுக்குக் கொண்டுபோகிறது. முனவ்வருக்குக் காதும் கொஞ்சம் மந்தம்.

நேற்று அவன் பள்ளிக்கூடப் பக்கம் தலையைச் சாய்த்து, புடைக்கிற குரலில் கேட்டான், பிள்ளையள் இப்ப என்ன படிக்கினம் நானா என்று.

அவன் முகத்தைப் பார்த்தேன். தான் சொல்லிக் கொடுத்ததன் மிச்சத்தைக் கேட்க ஆசைப்படுகிற முகம். பதினாறாம் வாய்பாட்டை முடித்துவிட்டார்கள், ஸீனத் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுவிட்டாள் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும்.

"இன்னும் 'அ'வில்தான் நிக்கினம்," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு, கதிரையின் கைப்பிடியில் விரலால் மூன்று தரம் தட்டினான்.